கணுக்கால் பிசகி மூன்று மாதங்கள் கடந்தும் வலியும் தடுமாற்றமும் நீங்கவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 14 வாரங்களுக்கு முன் மாடிப்படியில் இறங்கும்போது கடைசிப் படியைக் கவனிக்காமல் காலை வைத்துவிட்டேன். வலது பாதம் உட்புறமாக மடங்கி, உடலின் எடை முழுவதும் கணுக்காலின் வெளிப்பக்கத்தில் இறங்கியது. அரை மணி நேரத்துக்குள் முட்டையளவு வீங்கிவிட்டது. மறுநாள் பாதத்தின் ஓரம் முழுவதும் கன்றிக் கறுத்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், எலும்பு முறிவு இல்லை, தசைநார் மட்டும் கிழிந்திருக்கிறது என்று கூறி, கிரேப் பேண்டேஜ் சுற்றி இரண்டு வாரங்கள் ஓய்வெடுக்கச் சொன்னார். அப்படியே செய்தேன். வீக்கம் வடிந்தது, நடக்கவும் முடிந்தது. ஆகவே குணமாகிவிட்டது என்று நினைத்து வழக்கமான வேலைகளுக்குத் திரும்பிவிட்டேன்.

ஆனால் இன்றுவரை அந்தக் கால் பழைய காலாக இல்லை. நீண்ட நேரம் நின்றால் மாலையில் வெளிக்கணுவின் முன்பக்கம் வலிக்கிறது, சற்று வீங்கவும் செய்கிறது. குந்தி உட்கார்ந்தால் கணுக்கால் முழுவதும் மடங்க மறுக்கிறது. எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது, மேடுபள்ளமான தரையில் நடக்கும்போது கால் நழுவிவிடும் என்ற உணர்வு. இதுவரை இரண்டு முறை மீண்டும் மடங்கியும் விட்டது. முன்பு வாரத்தில் மூன்று நாட்கள் ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது ஓடவே அச்சமாக இருக்கிறது. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா? கணுக்கால் உறையை எப்போதும் அணிந்திருக்கலாமா? வயதான பிறகு இது மூட்டுத் தேய்மானத்தில் கொண்டுபோய் விடுமா? இத்துறையை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில் (இயன்முறை மருத்துவர்)

தாங்கள் விவரித்திருக்கும் நிலையை வாரந்தோறும் பார்ப்பவள் என்ற முறையில், சற்று விரிவாகவே எழுதுகிறேன். நேரில் சோதித்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், தங்கள் கால் குணமாகும் வேலையின் முதல் பாதி முடிந்திருக்கிறது, இரண்டாம் பாதி தொடங்கப்படவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கணுக்காலின் வெளிப்பக்கத்தில் மூன்று தசைநார்கள் இருக்கின்றன. பேச்சு வழக்கில் ஜவ்வு என்று சொல்வது இவற்றைத்தான். பாதம் உட்புறமாக மடங்கும்போது முதலில் கிழிவது மூன்றில் வலுக்குறைந்ததான முன்பக்கத் தசைநார். விசை மிகுந்தால் அதற்குக் கீழே குதிகால் எலும்போடு இணையும் தசைநாரும் கிழியும். பின்பக்கத்தில் இருப்பது கிழிவது அரிது. வெளிக்கணுவின் முன்பக்கம் வலிப்பதாகத் தாங்கள் சொல்வது அந்த முதல் தசைநார் இருக்கும் இடம்தான். படியிறங்கும்போது இவ்வாறு நேர்வதற்கும் ஒரு காரணம் உண்டு. மூட்டின் உள்ளே கவ்வப்பட்டிருக்கும் எலும்பின் மேற்பரப்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருக்கிறது. பாதம் கீழ்நோக்கி நீண்டிருக்கும்போது அந்தக் குறுகிய பகுதி கவ்வுக்குள் வருவதால் மூட்டு தளர்கிறது. அந்த நொடியில் எலும்பின் பிடி குறைந்து, பாரத்தைத் தசைநார்களே தாங்க வேண்டியிருக்கிறது.

தசைநார் என்பது எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் வெறும் கயிறு அன்று. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதை நரம்பு மண்டலத்துக்கு இடைவிடாமல் தெரிவிக்கும் உணர்விகள் அதில் நிறைந்திருக்கின்றன. நார் கிழியும்போது இந்தச் செய்தித் தொடர்பும் பழுதாகிறது. அதனால் கால் சாயத் தொடங்கும் நேரத்தில், அதை இழுத்து நிறுத்த வேண்டிய கீழ்க்காலின் வெளிப்புறத் தசைகள் தாமதமாக விழித்துக்கொள்கின்றன. நழுவிவிடும் என்று தாங்கள் உணர்வது பெரும்பாலும் இந்தத் தாமதத்தைத்தான். ஓய்வு எடுத்தால் வீக்கம் வடியும், வலி குறையும். ஆனால் இழந்த நிலையுணர்வு தானாகத் திரும்பி வருவதில்லை. அதைப் பயிற்சியால் மட்டுமே மீட்க முடியும்.

தொடங்குவதற்கு முன் மூன்று அளவுகளை எடுத்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் அருகில் நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலை முன்னே கொண்டுசென்று சுவரைத் தொட வேண்டும். எவ்வளவு தூரம் பின்னால் நின்றும் அவ்வாறு தொட முடிகிறது என்பதைப் பெருவிரல் நுனியிலிருந்து சுவர் வரை அளந்து, இரு கால்களையும் ஒப்பிடுங்கள். அடுத்து, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிடிமானத்தை வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் கண்களை மூடி எத்தனை நொடிகள் நிற்க முடிகிறது என்று பாருங்கள். மூன்றாவதாக, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை முழு உயரத்துக்கு எத்தனை முறை தூக்க முடிகிறது என்று எண்ணுங்கள். நல்ல காலே தங்களுக்கான அளவுகோல். வேறு எவருடைய எண்ணும் தேவையில்லை.

பயிற்சியும் இந்த மூன்றையும் ஒட்டியதுதான். சுவரைத் தொடும் அதே அசைவை நாளுக்கு இரண்டு வேளை 10 முதல் 15 முறை நிதானமாகச் செய்தால், குந்தும்போது இருக்கும் இறுக்கம் படிப்படியாகத் தளரும். குதிகால் தூக்குவதை முதலில் இரு கால்களாலும் பிறகு ஒற்றைக் காலாலும், தூக்குவதை விட இறக்குவது மெதுவாக இருக்கும்படி, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டிக்கொண்டு வெளிப்புறமாகத் தள்ளுவது நான் மேலே சொன்ன வெளிப்புறத் தசைகளுக்கானது. ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியை மட்டும் ஒரு நாளும் தவற விடாதீர்கள். 30 நொடிகள் வீதம் நான்கைந்து முறை போதும். கண் திறந்து நிற்பது எளிதானதும் கண்ணை மூடி நில்லுங்கள். அதுவும் எளிதானதும் மடித்த போர்வையின் மேல் நில்லுங்கள். பிறகு நின்றபடியே மறு காலை முன்னும் பக்கவாட்டிலும் பின்னும் நீட்டித் தரையை மெல்லத் தொடுங்கள். இறுதியில் ஒருவர் எறியும் பந்தைப் பிடித்தபடி நில்லுங்கள். கால் நடுங்க வேண்டும். அந்த நடுக்கத்தில்தான் கற்றல் நிகழ்கிறது. நடுங்காமல் நிற்க முடிந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று பொருள்.

பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவுக்கு வலி இருந்தால் அஞ்ச வேண்டாம். மறுநாள் காலையிலும் அந்த வலியோ வீக்கமோ கூடுதலாக இருந்தால், அளவைக் குறையுங்கள், ஆனால் நிறுத்தி விடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரங்கள் தொடர்ந்து செய்யாமல் பலனைப் பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

உறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒருமுறை பிசகிய கணுக்காலை விளையாட்டின்போது மீண்டும் பிசகாமல் காப்பதில் உறைக்கு உண்மையான பயன் உண்டு. கயிறு கட்டி இறுக்கும் வகை, வெறும் மீள்துணி உறையை விட நன்றாகப் பிடித்து நிறுத்தும். கரடுமுரடான இடங்களில் நடக்கும்போதும், ஓட்டத்துக்குத் திரும்பும் முதல் சில மாதங்களிலும் அணியுங்கள். வீட்டின் சமதரையில் அது தேவையில்லை. உறை அணிவது பயிற்சிக்கு மாற்றாகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

இரண்டாம் பதில் (அனுபவத்திலிருந்து)

மேலே உள்ள பதிலை நான் நான்கு ஆண்டுகளுக்கு முன் படித்திருந்தால் எனக்கு ஒரு முறிவு மிச்சமாகியிருக்கும். எனக்கும் இதே போலத்தான் முதல் பிசகல் ஏற்பட்டது. எனக்குப் பயிற்சிகள் எழுதியே கொடுக்கப்பட்டன. மூன்றாவது வாரத்தில் வலி நின்றதும் நானே அவற்றைக் கைவிட்டேன். ஓராண்டுக்குள் இரண்டு முறை மடங்கியது. மூன்றாவது முறை மடங்கியபோது சுண்டுவிரலுக்குப் பின்னே பாதத்தின் வெளி ஓரத்தில் துருத்தி நிற்கும் எலும்பு முறிந்தது. கணுக்காலில்தானே வலி என்று எண்ணி இரண்டு நாட்கள் அதைப் பொருட்படுத்தாமல் இருந்தேன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் கணுக்காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த முறிவு கண்ணில் படாமல் போய்விடும்.

அதன் பிறகு நான் கடைப்பிடித்த ஒரு வழியைப் பகிர்கிறேன். பயிற்சிக்கென்று தனி நேரம் ஒதுக்கினால் எனக்கு அது நிலைப்பதில்லை. ஆகவே காலையிலும் இரவிலும் பல் துலக்கும் நேரம் முழுவதும் ஒற்றைக் காலில் நிற்பது என்று வைத்துக்கொண்டேன். பாதி நேரம் ஒரு கால், மீதி நேரம் மறு கால். இரண்டு மாதங்களில் தடுமாற்றம் கண்கூடாகக் குறைந்தது. இன்றும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. மூன்றாண்டுகளாகக் கால் மடங்கவும் இல்லை.

மூன்றாம் பதில் (எலும்பு மூட்டு மருத்துவர்)

இயன்முறை மருத்துவர் எழுதியிருப்பதை முழுமையாக ஏற்கிறேன். ஸ்கேன் குறித்தும் தேய்மானம் குறித்தும் மட்டும் சில சொற்கள் சேர்க்கிறேன்.

அடிபட்ட முதல் நாளில் எக்ஸ்ரே தேவையா என்பதை முடிவுசெய்வதற்கு, கனடாவின் ஒட்டாவா நகரில் உருவாக்கப்பட்டு 1992-இல் வெளியிடப்பட்ட விதிகளை உலகெங்கும் பின்பற்றுகிறோம். கணுக்கால் பகுதியில் வலி இருந்து, அத்துடன் உட்கணுவின் அல்லது வெளிக்கணுவின் நுனியிலோ, அவற்றின் பின்விளிம்பில் கடைசி 6 சென்டிமீட்டர் நீளத்திலோ எலும்பைத் தொட்டால் வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் நடுப்பகுதியில் வலி இருந்து, முந்தைய நண்பர் குறிப்பிட்ட வெளி ஓர எலும்பின் அடியிலோ உட்பக்கத்துப் படகெலும்பிலோ தொட்டால் வலித்தாலும் எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும் சரி, மருத்துவரிடம் வந்த பிறகும் சரி, நான்கு அடிகள்கூட எடுத்து வைக்க இயலாவிட்டாலும் எடுக்க வேண்டும். இவற்றுள் எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. சிறு குழந்தைகளுக்கும், அடிபட்ட இடத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கும் இந்த விதிகளை அப்படியே பொருத்தக் கூடாது.

தங்கள் நிலையில் எம்ஆர்ஐ உடனடியாகத் தேவை என்று நான் நினைக்கவில்லை. தசைநார் கிழிந்திருப்பதை அது காட்டும்; அது நமக்கு முன்பே தெரியும், அதனால் சிகிச்சை மாறப்போவதும் இல்லை. ஆனால் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ, வலி மூட்டின் ஆழத்தில் இருந்தாலோ, அசைக்கும்போது மூட்டு சிக்கிக்கொண்டு பிறகு விடுபட்டாலோ கட்டாயம் எடுக்க வேண்டும். பிசகும் அதே விசையில் மூட்டின் உள்ளே குருத்தெலும்பும் அதன் அடியிலுள்ள எலும்பும் சிதைந்திருக்கக்கூடும். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது புதிதன்று. வெளிக்கணுவின் பின்பக்கத்தில் ஏதோ நழுவி மீண்டும் அமர்வது போலிருந்தால் அங்கே ஓடும் தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாணை) சோதிக்க வேண்டும். வலி கணுவுக்கு மேலே, இரண்டு கீழ்க்கால் எலும்புகளுக்கும் இடையே இருந்தால் அது வேறு வகைப் பிசகல். குணமாக அதிக காலம் எடுக்கும்.

முழங்காலிலும் இடுப்பிலும் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருகிறது. கணுக்காலில் அப்படியன்று, பெரும்பாலும் பழைய காயத்தின் தொடர்ச்சியாகவே வருகிறது. இதைச் சொல்வது தங்களை அச்சுறுத்துவதற்காக அன்று. ஒருமுறை பிசகிய கால்களில் பெரும்பாலானவை தேய்வதில்லை. மீண்டும் மீண்டும் மடங்கும் கால்களுக்கே அந்த ஆபத்து மிகுதி. அதனால்தான் இப்போது பயிற்சி செய்வது முக்கியமாகிறது. பல மாதங்கள் முறையாகப் பயின்றும் கால் நிலைகொள்ளாத சிலருக்கு மட்டும் தசைநாரைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறோம். அது நல்ல பலன் தரும் சிகிச்சைதான் என்றாலும், தாங்கள் அந்தக் கட்டத்தில் இல்லை.

இந்தத் திரியைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. அடி எதுவும் படாமல் கணுக்கால் வலித்தால் அதைச் சுளுக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே இரவில் சிவந்து, தொடவே முடியாத அளவுக்கு வலித்தால் யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கவுட் நோயாக இருக்கலாம். அதனுடன் காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டுக்குள் கிருமித்தொற்று இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்த உறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குப் பாதமோ கணுக்காலோ சூடாகவும் சிவந்தும் வீங்கினால், வலியே இல்லாவிட்டாலும்கூட, உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கக்கூடும். வலிக்கவில்லை என்று நடந்துகொண்டே இருந்து, பாதத்தின் வடிவமே சிதைந்த பிறகு வருபவர்களைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். அத்தகையவர்கள் மருத்துவரைக் காணும்வரை அந்தக் காலில் எடையை ஊன்றவே கூடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மூன்று அளவுகளையும் எடுத்தேன். சுவர்ச் சோதனையில் இடது கால் 11 சென்டிமீட்டர், வலது கால் 7. கண்மூடி நிற்பதில் இடது காலில் 21 நொடிகள், வலது காலில் 5 நொடிகள். குதிகால் தூக்குவதில் இடது கால் 24 முறை, வலது கால் 13 முறை. இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பயிற்சியை இன்றே தொடங்குகிறேன். மாலை வீக்கத்துக்கு ஐஸ் வைப்பதா, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதா என்பதையும், வலி மாத்திரையும் அழுத்தி நீவி விடுவதும் உதவுமா என்பதையும் யாராவது தெளிவுபடுத்த இயலுமா?

முதல் பதில் எழுதியவர்

ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-இல் ஒரு வாய்ப்பாடாக முன்வைத்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஐஸ் வலியை மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். கிழிந்த நாரை அது கூட்டி வைப்பதில்லை. மாலையில் வலி தொல்லை தந்தால் துணியில் சுற்றி 15 நிமிடங்கள் வைக்கலாம்; தோலின் மேல் நேரடியாக வைக்க வேண்டாம். காலை நேர இறுக்கத்துக்கு, பயிற்சிக்கு முன், வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். அடிபட்ட முதல் சில நாட்களில்தான் சூடு கூடாது. தாங்கள் அதை எப்போதோ கடந்துவிட்டீர்கள். வீக்கத்துக்கு இவ்விரண்டையும் விடக் காலை இதயத்தின் மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைத்து, பாதத்தை மேலும் கீழும் அசைப்பது நல்லது.

கெண்டைக்கால் தசையை நீவி விடுவதில் தவறில்லை. கிழிந்த நாரின் மேலேயே அழுத்தித் தேய்ப்பதும், சொடுக்கு விழும்படி பாதத்தை இழுத்துத் திருப்புவதும் வேண்டாம்.

மூன்றாம் பதில் எழுதியவர்

மருந்தைப் பொறுத்தவரை, டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணக் களிம்பை மேலே தடவுவது முதல் தேர்வாக இருக்கட்டும். உடலுக்குள் மிகக் குறைந்த அளவே செல்கிறது. அதே வகை மாத்திரைகளை வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் எடுக்கவே கூடாது.

மற்றொரு வாசகர்

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள வேண்டும். எனக்கு அடி எதுவும் படவில்லை. காலையில் எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது குதிகாலுக்கு மேலே, பின்பக்க நாணில் வலிக்கிறது. நடக்க நடக்கக் குறைகிறது. இதற்கும் மேலே சொன்ன பயிற்சிகள் பொருந்துமா?

மூன்றாம் பதில் எழுதியவர்

அது அக்கிலிஸ் தசைநாணின் நோவு. ஸ்வீடனைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃபிரெட்சன் 1998-இல் வெளியிட்ட பயிற்சிமுறை இன்றும் பயன்படுகிறது: படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலின் உதவியால் மேலே எழுந்து, நோவுள்ள காலால் மட்டும் குதிகாலை மெதுவாக இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று தடவையும், சற்றே மடக்கி 15 முறை வீதம் மூன்று தடவையும், நாளுக்கு இரு வேளை, 12 வாரங்கள். வலி குதிகால் எலும்போடு நாண் சேரும் இடத்திலேயே இருந்தால் படியின் மட்டத்துக்குக் கீழே இறக்காமல் சமதரையிலேயே செய்யுங்கள். அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது லெவோஃப்ளாக்சசின் மாத்திரை உட்கொண்டிருந்தால், பயிற்சியைத் தொடங்காமல் முதலில் தங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அவை இந்த நாணைப் பலவீனப்படுத்தி அறுந்துபோகவும் செய்யக்கூடியவை. திடீரென்று பின்னாலிருந்து யாரோ உதைத்தது போன்ற அடியை உணர்ந்து, அதன் பிறகு முன்பாதத்தால் எழும்ப முடியாமல் போனால், நாண் அறுந்துவிட்டதாகவே கொண்டு உடனே காட்ட வேண்டும்.

கேள்வி கேட்டவர் (எட்டு வாரங்களுக்குப் பிறகு)

மீண்டும் வணக்கம். ஓரிரு நாட்கள் தவிர விடாமல் செய்தேன். சுவர்ச் சோதனையில் வலது கால் 10 சென்டிமீட்டரை எட்டிவிட்டது. கண்மூடி 17 நொடிகள் நிற்கிறேன். குதிகாலை 22 முறை தூக்குகிறேன். இரண்டாவது வாரத்தில் வலி சற்றுக் கூடியபோது மனம் தளர்ந்தேன். எண்ணிக்கையைக் குறைத்ததும் சரியாயிற்று. மாலை வீக்கம் இப்போது இல்லை. இனி ஓடத் தொடங்கலாமா?

முதல் பதில் எழுதியவர்

தாங்கள் எழுதியதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலி வராமல் இருக்க வேண்டும். அந்தக் காலால் நின்ற இடத்திலேயே பத்து முறை நொண்டியடிக்கும்போது தரையிறங்குவதில் அச்சமும் தடுமாற்றமும் இல்லாமல் இருக்க வேண்டும். இவை இரண்டும் நிறைவேறினால் தொடங்கலாம். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாறி மாறி 20 நிமிடங்கள், ஒருநாள் விட்டு ஒருநாள், சமமான தரையில், உறை அணிந்து. மறுநாள் காலையில் கணுக்காலைப் பாருங்கள். வீக்கம் இல்லையென்றால் அடுத்த வாரம் ஓடும் நேரத்தைச் சற்றுக் கூட்டுங்கள். மேடுபள்ளமான பாதையையும், திடீரென்று திரும்பும் விளையாட்டுகளையும் குறைந்தது ஆறு வாரங்களுக்குத் தள்ளி வையுங்கள். கண்மூடி நிற்கும் பயிற்சியை ஓட்டத்துக்கு முன் அன்று, ஓடி முடித்துக் கால் களைத்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள், ஏனென்றால் களைத்த காலே மடங்குகிறது.